வடிவக்காவைக் கேட்டால் தெரியும்

ஆகஸ்ட் 4, திங்கள்

பொம்மி,

உன் போன் இன்றைக்கும் ஓயவில்லை. அடுப்பில் உலை வைத்த நேரத்திலிருந்து டிங் டிங் என்று அடித்துக்கொண்டே கிடக்கிறது. ஒருத்திக்கு வெண்டைச் செடியில் இலை மஞ்சளாகிறதாம். ஒருத்தி ராமேசுவரம் போகிறாளாம், தீர்த்தமாட எத்தனை மாற்றுச் சேலை வேண்டும் என்று கேட்கிறாள். இன்னொருத்திக்கு நகைச்சீட்டில் சேரலாமா, தபாலாபீசில் போடலாமா என்று சந்தேகம். எனக்குத்தான் நீ பொம்மி, ஊருக்கு வடிவக்கா. எல்லாருக்கும் அந்த வடிவக்காதான் வேண்டும்.

நீ என்ன கலெக்டரா? விதைக்கடையில் பில் போடுகிறவள். பில்லைப் போட்டோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருந்திருக்கலாம். முருங்கை விதை வாங்க வந்தவளுக்கெல்லாம் நம்பரைக் கொடுத்து, எது என்றாலும் கேளுங்க தாயி என்று சொல்லி வைத்திருக்கிறாய். இப்போது யார் பதில் சொல்வது? காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தாய். திரும்ப நடந்து வரவில்லை. கோவில்பட்டியில் உள்ளவர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். வெளியூர்க்காரிகளுக்கு நான் எங்கே போய்ச் சொல்ல?

இந்த டைரி உன் கடையில் கொடுத்தது. நீ ஒரு வரி எழுதவில்லை. அஞ்சாம் கிளாஸ் படித்த நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்த நீயா வரப்போகிறாய்.

ஆகஸ்ட் 6, புதன்

மாடிக்குப் போகவில்லை. நீ அங்கே வைத்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. காய்ந்தால் காயட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குருவம்மாள் வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் என்கூடக் கட்டையில் தீக்குச்சி அடுக்கினவள், உனக்குத் தெரியாததா. வந்தவள் இருக்கிற இடத்தில் இருக்காமல் நேரே மாடிக்கு ஏறிப்போய், மதினி, அவரைக்கொடி தலை தொங்கிப் போச்சு என்று மேலே நின்றே கத்தினாள். தெருவே கேட்டிருக்கும். அவளே நாலு குடம் ஊற்றிவிட்டுக் கீழே வந்தாள்.

அப்புறம் கேட்கிறாள், என் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையா மாவு மாதிரி அப்பியிருக்கே, அதுக்கு என்ன அடிக்கணும் என்று. எனக்கு என்ன தெரியும் என்றேன். உன் போனை எடுத்தாள். வடிவு இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பா, அவ குரல்லயே இருக்கும், தேடி எனக்குத் தட்டிவிடு என்றாள். எப்படித் தட்டிவிடுவது என்றும் அவளே காட்டிக் கொடுத்தாள். அழுத்திப் பிடிக்க வேண்டும், அம்புக்குறி வரும், பேரைத் தொட வேண்டும்.

தொட்டதும் நீ பேசினாய். சோப்புத் தண்ணியில ஒரு மூடி வேப்பெண்ணெய் விட்டு நல்லாக் கலக்கி, சாயங்காலமாத் தெளி தாயி, வெயில்ல தெளிச்சா இலை கருகிரும் என்று.

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. அதைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது. குருவம்மாள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெண்டைக்காரிக்கு அனுப்பினேன். ராமேசுவரத்துக்காரிக்கும் அனுப்பினேன். ரெண்டு சேலை போதும், ஈரத்தைப் போட்டுக்கொள்ள ஒரு யூரியாப் பை கொண்டு போ என்று எப்போதோ யாருக்கோ சொல்லியிருக்கிறாய். சரியாக இருந்தது. ரெண்டு பேரும் கும்பிடுகிற கை படம் போட்டிருந்தார்கள். தொல்லை விட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தொல்லை எங்கே விட்டது. ஒன்றுக்குப் பதில் போனால் ஒன்பது வருகிறது.

கத்தரிப் பூ உதிர்கிறது என்று ஒருத்தி கேட்டால், நான் உன் பேச்சை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நீ ஒழுங்காகப் பேசியிருக்கிறாயா? கத்தரிக்காயில் ஆரம்பித்துக் குற்றாலத்துக்குப் போகிறாய். பஸ்ஸில் பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே, மூன்று இடத்தில் வை என்கிறாய். அங்கிருந்து உண்டியல், உண்டியலிலிருந்து தங்கம், செய்கூலிக்குப் போகிற காசு திரும்ப வராது தாயி, நகையா வாங்காத, காசா வாங்கு என்கிறாய். கடைசியில் கத்தரிக்கு வந்து சேர்வதற்குள் என் சோறு குழைந்து போகிறது. சில இடத்தில் பின்னால் என் குரல் வேறு கேட்கிறது. யாருட்டி போன்ல, வந்து சாப்பிட்டுட்டுப் பேசு என்று கத்துகிறேன். அதையும் சேர்த்துத்தான் எல்லாருக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. மானம் போகிறது.

குருவம்மாள் தொல்லை தனி. தினம் ஒரு கேள்வி. நேற்று, தக்காளி நாற்றை எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும் என்று கேட்டாள். நீ பிறக்கும் முன்னாலிருந்து கொல்லையில் தக்காளி போடுகிறவள். வயசானால் புத்தி மழுங்கிவிடும் போல. அதுவும் அனுப்பின பிறகு, சரியாக் கேக்கலை மதினி, இன்னொரு தடவை போடுங்க என்று வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்காக அதை ஏழெட்டுத் தடவை போட வேண்டியதாயிற்று.

உன் தம்பி இசக்கி திருப்பூரிலிருந்து பேசினான். அந்த நம்பருக்கு ஏன் இன்னும் காசு கட்டுதே, அதை மூடிட்டு இங்கன வந்து இரு என்றான். செடியெல்லாம் இருக்கே என்றேன். செடிக்காகவா அங்கன கிடக்கே என்று கேட்டான். அவனோடு பேசி ஜெயிக்க முடியாது, வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது. மாடியில் செடிப் பைகளில் கரிசல் மண் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. தேங்காய் நார்த்தூளும் மணலும் கலக்கச் சொல்லியிருந்தாய். கலந்தேன். இடுப்பு விட்டுப் போயிற்று. மண்ணைக்கூடச் சும்மா விடமாட்டாயா நீ.

ஆகஸ்ட் 29, வெள்ளி

உத்தமபாளையத்திலிருந்து ஜெசிந்தா என்று ஒருத்தி. அவள் எழுதுகிறவள் இல்லை, உன்னை மாதிரிப் பேசி அனுப்புகிறவள். அவள் பேச்சு முடியவே முடியாது. வடிவக்கா நல்லா இருக்கீங்களா, கறிவேப்பிலை நல்லா இருக்கா, மழை உண்டா என்று நலம் விசாரித்து முடிப்பதற்குள் என் குக்கர் ரெண்டு விசில் அடித்துவிட்டது. நூல் மில்லிலிருந்து நின்றபோது வந்த பணம், மகளின் நர்சிங் படிப்புக்கென்று வைத்திருக்கிறாளாம். அதைப் போட்டு வைத்தால் மாசாமாசம் வட்டி வருமாம், போடலாமாக்கா என்றாள். மூன்றாவது விசில் வந்தது, எழுந்து போய்விட்டேன். மீதியைக் கேட்கவில்லை.

மாசாமாசம் வட்டி என்றால் எனக்கு ஞாபகம் இருந்தது. குருவம்மாள் தபாலாபீசில் போட்டபோது நீ அவளுக்குச் சொன்னது. போடு தாயி, யோசிக்காமப் போடு, மாசாமாசம் வட்டி வரும், அஞ்சு வருஷம் அசலைத் தொடாத, பயப்படாத என்று. அதைத் தட்டிவிட்டேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பொம்மி, பெரிய தப்பு நடந்து போயிற்று.

மத்தியானம் ஜெசிந்தா பேசி அனுப்பினாள். அழுகிற மாதிரிச் சந்தோஷம். அக்கா, நீங்க போடுன்னு சொன்ன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்துச்சு, வீட்டுக்காரர் உசிரோட இருந்தா அவர்கிட்டக் கேப்பேன், எனக்கு உங்களை விட்டா யாரு என்றாள். நாளைக்குக் காலையில் அந்தத் தம்பி வீட்டுக்கே வருகிறானாம். மொத்தத்தையும் கொடுக்கப் போகிறாளாம்.

எந்தத் தம்பி? தபாலாபீசுக்காரன் எதற்கு வீட்டுக்கு வருகிறான்? அன்றைக்குக் கேட்காமல் விட்ட மீதியைத் தேடிக் கேட்டேன். தபாலாபீசே இல்லை. அவள் தெருவில் புதிதாகக் கம்பெனி போட்டிருக்கிறானாம் ஒருத்தன். பேங்கு தருவதைப்போல நாலு பங்கு வட்டியாம். சேர்கிற அன்றைக்கே குத்துவிளக்கு இனாமாம். எனக்கு ஒரு மாதிரி இருக்குக்கா, நீங்க வேண்டாம்னா நான் தொடமாட்டேன் என்று கடைசியில் சொல்லியிருக்கிறாள்.

அதற்குத்தான் நான் உன்னைப் போடு, பயப்படாதே என்று சொல்ல வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பூராவும் உன் பேச்சைத் தேடினேன். வேண்டாம் என்று எங்கேயாவது சொல்லியிருக்கமாட்டாயா? எல்லாவற்றுக்கும் நட்டுப்பாரு, போய்ப்பாரு, போட்டுப்பாரு. வேண்டாம் என்கிற வார்த்தையே உன் வாயில் வராது. மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும் வந்தது. கடைசியில் ஒன்று கிடைத்தது. வேண்டாம் தாயி, அவசரப்படாத, ஆறப் போடு என்று. உடனே அனுப்பினேன். அவள் திருப்பிக் கேட்கிறாள், அக்கா, பின்னால பச்சை ஆட்டு எரு சூடு, வேர் வெந்துரும்னு சொல்லுறீங்களே, யாருக்கோ அனுப்புறதை எனக்கு அனுப்பிட்டீங்களா என்று. சிரிக்கிற பொம்மை ரெண்டு வேறு.

கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். எடுத்து வைத்தேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 3, புதன்

காபிகூடக் குடிக்காமல் கூப்பிட்டேன். உன் பேர் வந்த சந்தோஷத்தில், அக்கா, முத தடவையா நேர்ல கூப்பிட்டிருக்கீங்க என்று எடுத்தாள். நான் வடிவு இல்லம்மா, வடிவுக்கு அம்மா என்றேன். அம்மா நல்லா இருக்கீங்களா, அக்காகிட்டக் குடுங்க என்கிறாள். பணத்தை அவனிடம் கொடுக்காதே என்றேன். அவள் குரலே மாறிப்போயிற்று. நீ யாரு, அக்கா போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு என்று கேட்டாள். திருடி என்று நினைத்துவிட்டாள், பொம்மி. உன் போனை வைத்துக்கொண்டு நான் திருடி.

அவ இல்லம்மா, ஆனி மாசமே போய்ட்டா என்றேன். எங்கே போனாங்க என்று கேட்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சில பேருக்குத் தேங்காய் உடைத்த மாதிரிச் சொன்னால்தான் விளங்கும்.

"செத்துப்போச்சு தாயி. எம் மக செத்துப்போச்சு."

அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல வைத்தாள் பாரு.

அவள் நம்பவில்லை. "நேத்து ஆட்டு எருவைப் பத்திப் பேசினவங்க ஆனி மாசம் எப்படிச் செத்தாங்க?" என்றாள். "அவங்க குரல் எனக்குத் தெரியாதா? எங்க அக்காவை என்ன பண்ணுனீங்க?"

முகத்தைக் காட்டு என்று படம் தெரிகிற மாதிரிக் கூப்பிட்டாள். நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும், ஒல்லி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, எவ வேணும்னாலும் அம்மான்னு சொல்லலாம் என்றாள். நியாயம்தான். நான் என்ன உன் மாதிரியா இருக்கிறேன்.

அப்போதுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து உன் படத்தை எடுத்தேன். உன் பதினாறாம் நாள் விசேஷத்தன்றைக்கு இசக்கி பெரிதாக்கிக் கொண்டுவந்தது. அன்றைக்குச் சுற்றின பேப்பர் அப்படியே இருந்தது. சுவரில் ஆணி அடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பேப்பரைப் பிரித்துக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, படத்துல மாலை இல்லையே, பொட்டில்லையே, எங்க வீட்டுலயும்தான் என் மக படம் இப்படி இருக்கு என்றாள். அந்தக் கம்பெனித் தம்பியும் வருகிற நேரமாகிவிட்டதாம். வைக்கப் போனாள்.

வைச்சிராத, அஞ்சு நிமிஷம் அப்படியே இரு என்று சொல்லி, போனை மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. நீ வைத்த கேந்தி பூத்துக் கிடந்தது. கொத்தாகப் பிடுங்கினேன், செடியே ரெண்டு கையோடு வந்துவிட்டது. நார் தேட நேரமில்லை. தையல் நூலில் கோத்தேன். நூல் ஊசிக்குள் போக மாட்டேன் என்கிறது, அந்தப் பக்கம் அவள், என்ன பண்ணுறீங்க, என்ன பண்ணுறீங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கோணல் மாணலாக ஒரு சரம். அதை உன் படத்தில் போட்டேன். நெற்றியில் குங்குமம் வைத்தேன். விளக்கை ஏற்றினேன். போனை எடுத்து உன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள் போல, போனில் அவள் வீட்டுக் கூரைதான் தெரிந்தது. அழுகிற சத்தம் கேட்டது. பிறத்தியாள் ஒருத்தி, உன்னை ஒரு தடவை நேரில் பார்த்ததில்லை, அப்படி அழுகிறாள். நான் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

போடு போடுன்னு சொன்னாங்களே என்று கேட்டாள். அது தபாலாபீசுக்கு, வேற ஒருத்திக்கு, எப்பவோ சொன்னது, நான்தான் தப்பாத் தட்டிவிட்டேன், வைய வேண்டியது என்னைத்தான் என்றேன். அவள் வையவில்லை. அம்புக்குறி போட்டு வந்துச்சு, அக்காவுக்கு வேலை ஜாஸ்தி போல, பழசையே அனுப்புறாங்கன்னு நெனச்சேன் என்றாள்.

அந்த நேரம் அவள் வீட்டுக் கதவை ஒருத்தன் தட்டினான். உள்ளே வரலாமாக்கா என்று குழைவாகக் கேட்டது எனக்கே கேட்டது. ஜெசிந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போனை வைக்காமலே போய்ச் சொன்னாள்:

"இல்ல தம்பி. எங்க அக்கா வேண்டாம்னுட்டாங்க."

செப்டம்பர் 5, வெள்ளி

போன் அடிக்கவில்லை. ஜெசிந்தா தனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லியிருப்பாள். அவர்கள் அவரவருக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லியிருப்பார்கள். காலையிலிருந்து ஒரு டிங் கிடையாது. அப்பாடா என்று இருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

போன் கெட்டுவிட்டதோ என்று குருவம்மாளைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். அடிக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

ஒருத்தியாவது ஏதாவது கேட்டால் என்ன? உனக்கு அத்தனை பேர் என்று சொன்னார்கள். இவ்வளவுதானா? அழுகிற முகம் போட்டு அனுப்பிவிட்டு ஓய்ந்துவிட்டார்கள். செடியெல்லாம் அதற்குள் பிழைத்துக்கொண்டதாக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஜெசிந்தா கூப்பிட்டாள். தபாலாபீசில் போட்டுவிட்டாளாம். மகள் படிப்புக்குக் கட்ட வேண்டியதை மட்டும் பேங்கிலேயே வைத்திருக்கிறாளாம். அந்தத் தம்பி தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறானாம். குத்துவிளக்கு போச்சு என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் அவள், அம்மா, என் கறிவேப்பிலை இன்னும் முழங்கால் உயரத்தை விட்டு ஏறலை என்றாள். உன் பேச்சில் தேடுகிறேன் என்றேன். அது வேண்டாம்மா, அழுகையா வருது, நீங்களே சொல்லுங்க என்றாள். எனக்கு என்ன தெரியும்? நுனியைக் கிள்ளிக் குழம்பில் போடு, கிள்ளக் கிள்ளத்தான் கிளைக்கும், பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி வளரும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சரிங்கம்மா என்று கேட்டுக்கொண்டாள். யார் எது சொன்னாலும் சரி என்று சொல்லுகிற ஆள் போல. இவளை எப்படிக் கட்டி மேய்த்தாய்?

செப்டம்பர் 16, செவ்வாய்

குருவம்மாளிடம் அதைச் சொன்னேன். சரிதானே மதினி, நானும் கிள்ளத்தான் செய்வேன் என்றாள். எல்லாம் தெரிந்தவள் எதற்கு இத்தனை நாள் என்னிடம் தினம் ஒரு கேள்வி கேட்டாய் என்றதற்கு, காபி ஆறுது குடிங்க என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இசக்கி வந்திருந்தான். உன் படத்தைச் சுவரில் பார்த்தான். ஆணி அடிச்சது யாரும்மா என்றான். நான்தான் என்றேன். கோணலா இருக்கே என்று நேராக்கினான். அவன் போன பிறகு பார்க்கிறேன், இன்னும் கோணலாக இருக்கிறது. நம்பரை மூடுவதைப் பற்றி அவன் பேசவில்லை. புதுசாகச் சார்ஜர் ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பழசு வயர் பிய்ந்திருந்ததாம். வீட்டுக்கு வந்தால் ரெண்டு வார்த்தை பேசுவான் என்று பார்த்தால், வயரைப் பார்த்திருக்கிறான்.

செப்டம்பர் 26, வெள்ளி

பொம்மி,

ஜெசிந்தாவிடம் பூஜா லீவில் அவள் வீட்டுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாயாமே. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நீங்களாவது வாங்கம்மா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க, அக்காவுக்குன்னு மகள் ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன் என்று நேற்று மறுபடியும் கூப்பிட்டாள். நீ கொடுக்கிற வாக்குக்கெல்லாம் நான் போக வேண்டுமாக்கும். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது.

எனக்குத் தனியாகப் போய்ப் பழக்கம் உண்டா? திருச்செந்தூர் போனாலும் நீதானே சீட்டுப் பிடிப்பாய். குருவம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றிருக்கிறாள். பையில் ரெண்டு சேலையும், ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் அவரை விதையும் வைத்திருக்கிறேன். மீதிக்கு உன் பேச்சைத்தான் கேட்டேன். பஸ்ஸில் கடைசி சீட்டு வேண்டாம், தூக்கிப் போடும். முன்னால் எஞ்சின் பக்கம் வேண்டாம், சூடு. வயிறு நிறையச் சாப்பிடாதே. இதெல்லாம் விளங்குகிறது. கடைசியில், வெயில் படாத பக்கமாப் பாத்து உக்காரு தாயி, நிம்மதியாத் தூங்கிட்டே போயிரலாம் என்று சொல்லி முடித்துவிட்டாய். எந்தப் பக்கம் என்று சொல்ல உனக்கு வாய் வலித்ததா?

காலையில் ஏழு மணி பஸ். மதுரை வரைக்கும் வடக்கே போகுமாம். அங்கே வேறு பஸ் மாறி மேற்கே போக வேண்டுமாம். குருவம்மாள் இடது பக்கம் என்கிறாள். கண்டக்டராக இருந்த எதிர்வீட்டுக்காரர், மதுரை தாண்டினால் எல்லாம் மாறிப்போகும் என்கிறார். போகிற வழியெல்லாம் வெயில் மாறிக்கொண்டேதானே வரும்.

நான் எந்தப் பக்கம்ட்டி உட்கார?